முதலாளி கேட்டால் என்ன சொல்வது?



வெள்ளவத்தை புடவைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை சாப்பாட்டுக் கடைகளிலும் நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு லீவு கேட்கப் போனால் சில முதலாளிமார், "தம்பி, வரும்போது நம்ம வீட்டு வேலைக்கு ஒரு சின்னப் புள்ளயக் கூட்டிட்டு வா" என்பார்கள். அங்கேதான் தம்பி மாட்டிக்கொள்கிறான்.

முதலாளி சம்பளம் தருகிறவர். மறுத்தால் முகம் சுளிப்பார். லயத்துக்கு வந்தாலோ பக்கத்து வீட்டு அண்ணனே, "எம்புள்ளய எங்கயாச்சும் சேத்து விடுப்பா, ஒரு வயிறு கொறையும்" என்கிறார். பெரியவர் பேச்சைத் தட்டாதே, ஒருத்தருக்கொருத்தர் கைகொடு என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'இது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாச்சே' என்று தம்பியின் மனசு உறுத்துகிறது.

2021 ஜூலையில் நடந்தது ஞாபகம் இருக்கும். கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை, தீக்காயங்களோடு தேசிய வைத்தியசாலையில் இறந்துபோனாள். மலையகமே கொதித்தது. அப்போது கைதானவர்களில், பிள்ளையை வேலைக்குக் கூட்டிப் போன தரகரும் ஒருவர். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். 'நான் ஆள் சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான்' என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு 14 ஆக இருந்த வேலை வயதை 2021இல் 16 ஆக உயர்த்தினார்கள். 16 வயது வரை பள்ளிக்கூடம் போவதும் கட்டாயம்.

தம்பி முதலாளியிடம் மரியாதையாகவே சொல்லலாம்: "முதலாளி, சின்னப் புள்ளைய வச்சா நாளைக்கு உங்களுக்கும் பொலிஸ் கரைச்சல். வயசு வந்த அக்கா யாராச்சும் வர விரும்பினா கேட்டுப் பாக்கிறேன்." அப்படி ஒரு அக்கா போவதானால் சம்பளம், லீவு, வீட்டுக்குப் போன் பேசும் நேரம் எல்லாவற்றையும் முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் போய் அழுதவர்கள் நிறையப் பேர்.

அண்ணனையும் வெறுங்கையோடு விட்டுவிடக்கூடாது. உறவு என்பது அதற்குத்தானே? என்ன கஷ்டம் என்று உட்கார்ந்து கேளுங்கள். சில வீட்டில் சப்பாத்தும் கொப்பியும் வாங்க முடியாமல்தான் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறது. அதைப் பள்ளிக்கூட அதிபரிடமும் நலன்புரி அதிகாரியிடமும் சொல்லலாம். அஸ்வெசும கிடைக்காத குடும்பமாக இருந்தால் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள்.

ஏற்கெனவே போய்விட்ட பிள்ளை இருந்தால், அல்லது அடி, சூடு, பட்டினி என்று காதில் விழுந்தால், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்குப் பேசுங்கள்.