வண்டிக்குள் ஓடும் மின்சாரத்துக்கும் மடை வேண்டும்

நமக்கு நிலம் மதுராந்தகம் பக்கம், குடியிருப்பு சாந்தோம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் மூன்று இரவு நிலத்தில்தான் தங்குகிறேன். அங்கே கொட்டகையும் இல்லை, கரண்டும் இல்லை. அறுவடை நேரத்தில் காவலுக்குப் படுத்தே ஆகணும். அதனால் பழைய மாருதி ஆம்னி ஒன்றை வாங்கினேன். இரவில் படுக்கை, விடிந்தால் கீரையும் தயிரும் வெண்ணெயும் ஏற்றிச் சாந்தோமுக்கு ஓட்டம். உள்ளே 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி, சின்ன 12 வோல்ட் குளிர்பெட்டி, மின்விசிறி, விளக்கு, தண்ணீர் பம்பு, ஒரு இன்வெர்ட்டர்.

இதைப் பார்த்துவிட்டு நம் நண்பர்கள் பலர் “என்ன பேட்டரி சார்?” என்று கேட்கிறார்கள். பேட்டரியிலிருந்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பியூஸ் பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மி.மீ. ஒயரையே வண்டிக்கும் இழுத்தேன். வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த 32 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றை மாட்டினேன். ஓர் இரவு 300 வாட் குக்கரில் சோறு வைத்தேன். இன்வெர்ட்டர் கீச்சு கீச்சென்று கத்தியது. பேட்டரி இறங்கிப்போச்சு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாடை. மிதியடியைத் தூக்கினால் ஒயரின் தோல் இளகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எம்.சி.பி. அசையவே இல்லை. சோறு வைத்துவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்காது.

கணக்கு இதுதான். வீட்டில் 230 வோல்ட். 300 வாட்டுக்கு 1.3 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் அதே 300 வாட்டுக்கு 25 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டர் தின்னும் நட்டத்தையும் சேர்த்தால் 28. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் 3 மீட்டர் தூரம், போகவர 6 மீட்டர் ஒயர். 1.5 சதுர மி.மீ. செம்பு மீட்டருக்குச் சுமார் 0.0117 ஓம் தடை காட்டும். 6 மீட்டருக்கு 0.07. அதில் 28 ஆம்பியர் போனால் ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். பேட்டரி நிறைந்திருந்தும் இன்வெர்ட்டர் கத்தியது அதனால்தான். சுமார் 55 வாட் மிதியடிக்கு அடியில் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. 28 ஆம்பியர்தானே போகுது, 32-க்குள்தானே இருக்குது என்று எம்.சி.பி. சும்மா இருந்தது. அதன் மேல் குற்றமில்லை.

“பியூஸ் ஒயரைக் காப்பாத்தத்தான் சார், மிஷினை இல்ல” என்றார் மறுநாள் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி. முப்பது வருஷம் கடன் மனு பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கேட்கிறவர் ஆசையைப் பார்த்தா கடன் வரம்பு போடுவோம்? திருப்பிக் கட்டும் சக்தியைத்தானே பார்ப்போம்!

நம் பாஷையில் சொன்னால், பேட்டரி ஏரி. ஏரிக்கரையிலேயே மதகு வேண்டும். அதுதான் மெயின் பியூஸ். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கணும். மதகுக்கு முன்னால் கரை உடைந்தால் எந்த மடையாலும் தடுக்க முடியாது. அதை அடுத்து ஐசொலேட்டர் சுவிட்ச். பிறகு தலைவாய்க்கால் மாதிரி ஒரு செம்புப் பட்டை, பஸ்பார். அதிலிருந்து கிளைக்கு ஒரு மடையாகப் பியூஸ் பெட்டி. வாய்க்கால் குறுகினால் கடைமடைக்குத் தண்ணீர் வராதது போல, ஒயர் மெலிந்தால் கடைசிக் கருவிக்கு வோல்டேஜ் வராது.

நான் இப்போது வைத்திருப்பது: விளக்கு, விசிறிக்கு 1.5 சதுர மி.மீ., 10 ஆம்பியர் பியூஸ். குளிர்பெட்டிக்கும் பம்புக்கும் தனித்தனியே 2.5, 15 ஆம்பியர். இன்வெர்ட்டரைப் பேட்டரி பக்கத்துக்கே நகர்த்தி, ஒரு மீட்டருக்கு 10 சதுர மி.மீ., 40 ஆம்பியர் பியூஸ். அதில் இழப்பு 0.1 வோல்ட்தான். பேட்டரியிலிருந்து பஸ்பாருக்கு 16 சதுர மி.மீ., 60 ஆம்பியர்.

கிளைகளுக்குக் கார்களில் வரும் பிளேடு பியூஸ் பெட்டி போதும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் கிடைக்கும். உதிரி பியூஸ் எந்த ஊர் மெக்கானிக் கடையிலும் உண்டு. அறுவடை நேரத்தில் இதுதான் பெரிய வசதி. எட்டு வழி பெட்டி வாங்குங்கள். நான்கு வழி வாங்கிவிட்டு அப்புறம் ஒரே மடையில் இரண்டு வயலுக்குப் பாய்ச்சத் தோணும். விக்ட்ரான் நிறுவனத்தின் லின்க்ஸ் போல 1000 ஆம்பியர் தாங்கும் வெளிநாட்டுப் பஸ்பார்கள் தரமானவைதான். மொத்தமே 45 ஆம்பியர் தாண்டாத நமக்கு அது கீரைப் பாத்திக்கு டிராக்டர்.

மெயின் பியூஸில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஷார்ட் ஆனால் லித்தியம் பேட்டரி கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். அதை அறுத்து நிறுத்தும் திறன் பியூஸிலேயே அச்சிட்டிருக்கும். சாதாரண பிளேடு பியூஸுக்கு அது 1000 ஆம்பியர் அளவு. பேட்டரி முனையிலேயே பொருத்தும் எம்.ஆர்.பி.எஃப். வகைக்கு 14 வோல்ட்டில் 10,000. எம்.சி.பி.தான் வேண்டுமென்றால் டி.சி. வோல்டேஜ் குறிப்பிட்டதைப் பாருங்கள். வீட்டுக் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். தீப்பொறி தானே அணையும். பேட்டரிக் கரண்ட் பூஜ்யத்துக்கு வராது. சில டி.சி. எம்.சி.பி.க்களில் பிளஸ், மைனஸ் திசை மாறினாலும் ஆபத்து.

எங்கள் தெருவில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. லைட்ஹவுஸ் பக்கம் ஒரு வாரம் நிறுத்தினாலே செம்பில் பச்சைக் களிம்பு பூக்கிறது. களிம்பு பிடித்த இணைப்பு சூடாகும். ஈயம் பூசிய செம்பு லக்குகளைக் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, மேலே வாசலின் தடவினேன். வண்டியின் தகரத்தையே மைனஸாகப் பயன்படுத்தவில்லை; துரு அதையும் தின்னும். எல்லாக் கருவிக்கும் தனிக் கறுப்பு ஒயர், தனி மைனஸ் பஸ்பார். ஓடும் வண்டி அதிரும், ஆகவே பல இழை ஒயர்தான் நல்லது. தகரத்தில் துளைக்குள் போகிற இடமெல்லாம் ரப்பர் வளையம்.

ஓடும்போது சார்ஜ் ஏற்ற டி.சி.-டி.சி. சார்ஜர் வைத்திருக்கிறேன். நேராக இணைத்தால் லித்தியம் பேட்டரி அளவுக்கு மீறி இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட வைக்கும். இந்த ஒயருக்கு இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் இரண்டு நுனியிலும் பியூஸ் வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

இருக்கையைக் கழற்றி வண்டியின் அமைப்பை மாற்றுவதானால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பார்த்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எல்லாம் மாட்டிய அன்று அதே குக்கரில் அரை மணி நேரம் சோறு வைத்து, ஒயர் நெடுகக் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு லக்கு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஐசொலேட்டரை அணைத்துவிட்டு, அதை வெட்டி மறுபடி அழுத்தினேன்.