கொள்கலமா, சொந்தக் கணிப்பொறியா?

எங்கள் பங்காருபேட்டைச் சந்திப்பில் ஒருகாலத்தில் இருவகைப் பாதைகள் கூடின. சென்னையிலிருந்து வந்தது அகலப்பாதை. 1913இல் கோலாருக்குத் திறக்கப்பட்டது குறுகிய பாதை. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே கோலாருக்குரிய சரக்கை அங்கே இறக்கி, மறுபடியும் ஏற்றவேண்டும். இன்று கோலார்ப் பாதையும் அகலப்பாதையாகிவிட்டது. ஆனால் கணிப்பொறியில் அந்தத் தொல்லை தீர்ந்தபாடில்லை.

தங்கவயல் சயனைடு மேடுகளின் மண் அளவீடுகளைக் கணிக்க, எனக்கு முன் பயின்ற மாணவர் ஒருவர் பைத்தான் மொழியில் நிரல் எழுதியிருந்தார். அவரிடம் ஓடிய நிரல் என்னிடம் ஓடவில்லை. பைத்தான் பதிப்பு வேறு. துணைநிரல்களின் பதிப்பும் வேறு. மூன்று வாரங்கள் வீணாயின.

சரக்கைப் பிரிக்காமல் பெட்டியோடு கப்பலேற்றும் முறையை 1956இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் தொடங்கினார். முதற் பயணத்தில் 58 பெட்டிகள் சென்றன. அக்கருத்தையே மென்பொருளுக்கு எளிதாக்கியது 2013இல் வெளிவந்த டாக்கர். நிரலையும் அதற்கு வேண்டிய துணைகளையும் ஒரே கொள்கலத்தில் வைத்தால், கொண்டுபோன இடத்திலும் ஓடும். இதற்கு உயிர்நாடி டாக்கர்ஃபைல் என்னும் குறிப்பு. எந்தப் பதிப்பு, எந்த வரிசை என்பதை அதில் எண்ணோடு எழுதவேண்டும். ‘அண்மைப் பதிப்பு’ என்று மட்டும் எழுதினால், அடுத்த ஆண்டு அமைக்கும் கொள்கலம் வேறாகிவிடும்.

குறையும் உண்டு. லினக்ஸ் கொள்கலம் தனிக் கணிப்பொறியன்று. லினக்ஸின் உட்கருவைப் பகிர்ந்தே இயங்கும். எனவே விண்டோஸில் அதற்கென ஒரு லினக்ஸும் உடன் ஓடவேண்டும். 4 ஜி.பி. நினைவகமுள்ள மடிக்கணினிக்கு அது பெருஞ்சுமை. கொள்கலத்தை நீக்கினால் உள்ளே எழுதிய தரவும் அழியும். தரவை வெளியே வைத்து இணைத்தல் வேண்டும்.

ஆகவே, தனியே கற்கும்போது சொந்தக் கணிப்பொறியே போதும். பைத்தானின் தனிச்சூழலை அமைத்துக்கொள்ளலாம். பிறர் கைக்குச் செல்லும் பணியாயின், முதல் நாளே கொள்கலம் தேடுக. அதுவும் இயலாதெனில் பதிப்பெண்களையேனும் குறித்துவைத்தல் கடன்.

சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன; மேடுகள் நிற்கின்றன. காற்றடிக்கும்போதெல்லாம் அப்புழுதி எங்கள் மக்களின் வீடுகளில் படிகிறது. அதை அளக்கும் கணக்கு, ஒரு மாணவர் பட்டம் பெற்றுச் சென்றதும் நின்றுவிடலாமா?