அளவறிந்து ஊட்டிய எந்திரம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

அடுப்பில் விறகை நெருக்கி அடுக்கினால் புகை மண்டும். மிகவும் குறைத்தால் தீ அணையும். மகிழுந்தின் எந்திரத்திற்கும் இதே நியதிதான். அதற்குரிய பெட்ரோலை ஒரு நொடியில் பலமுறை பிழையின்றி அளந்து தர வேண்டும். மின்னணுக் கருவிகள் தோன்றாத காலத்தில், வெறும் உலோகத்தைக் கொண்டே மனிதன் அந்த அளவைக் கண்ட வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

கார்புரேட்டரின் திறனும் எல்லையும்

பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப்போல ஏறத்தாழ 14.7 மடங்கு எடையுள்ள காற்று தேவை. பெட்ரோலின் அளவு மிகுந்தால் எரியாத எச்சம் கரியாகவும் நச்சுப்புகையாகவும் வெளியேறும். குறைந்தால் எந்திரம் வலுவிழந்து திணறும்.

இக்கலவையை உருவாக்கும் பணியை நெடுங்காலம் செய்துவந்தது கார்புரேட்டர். ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் 1893ஆம் ஆண்டில் பெட்ரோலை நுண்துளிகளாகத் தெளிக்கும் கார்புரேட்டரை உருவாக்கினார். குழாயின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து செல்லும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. அவ்வழுத்தக் குறைவு, அருகிலுள்ள சிறு அறையிலிருந்து பெட்ரோலை இழுத்துக் காற்றில் தெளிக்கிறது. அவ்வறையில் பெட்ரோலின் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது.

எளிமையும் மலிவும் கார்புரேட்டரின் சிறப்புகள். ஆயினும் அதற்கு இரு குறைகள் இருந்தன. ஒரே கார்புரேட்டர் பல உருளைகளுக்குக் கலவையை அனுப்பும்போது எல்லா உருளைகளுக்கும் சம அளவு சென்று சேர்வதில்லை. மேலும், மிதவை புவியீர்ப்பை நம்பியே இயங்குவது. சமதளச் சாலையில் பெரிதாகத் தோன்றாத இக்குறை, வானில் உயிருக்கே ஊறு விளைவித்தது.

வானில் நேர்ந்த சோதனை

1940ஆம் ஆண்டு, பிரிட்டன் வான்போர். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எந்திரம் கார்புரேட்டருடன் பொருத்தப்பட்டிருந்தது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்திலோ டைம்லர் பென்ஸ் 601 எந்திரம் இருந்தது. அதன் பன்னிரண்டு உருளைகளுக்குள்ளும் பம்பு ஒன்று பெட்ரோலை நேரடியாகச் செலுத்தியது.

பேருந்து மேட்டைத் தாண்டி விரைந்து இறங்கும்போது பயணியின் உடல் இருக்கையைவிட்டு எழுவதுண்டு. அதுபோல, விமானத்தின் மூக்கைத் திடீரெனக் கீழ்நோக்கித் திருப்பினால் மிதவை அறையிலுள்ள பெட்ரோல் மேல்நோக்கி எழும்பும். மெர்லின் எந்திரம் முதலில் பெட்ரோல் இன்றித் திணறியது. அடுத்த கணம் அளவுக்கு மீறிய பெட்ரோல் பாய்ந்து மூச்சு முட்டியது. துரத்திவரும் எதிரியிடமிருந்து தப்ப ஜெர்மானிய விமானிகள் நேராகக் கீழ்நோக்கிப் பாய்ந்தனர். பிரிட்டானிய விமானிகளோ முதலில் விமானத்தைப் புரட்டி, அதன்பின்னரே கீழிறங்க வேண்டியிருந்தது. இழந்த அச்சில நொடிகளில் எதிரி எட்டாத தொலைவுக்குச் சென்றுவிடுவான்.

எனினும் கார்புரேட்டரைத் தேர்ந்தவர்கள் காரணமின்றித் தேரவில்லை. எந்திரத்திற்குள் நுழையும் முன்பே ஆவியாகும் பெட்ரோல் காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது, ஆதலால் அதே இடத்தில் மிகுதியான காற்று அடங்கும், வலுவும் கூடும். ஒரு நன்மையை வேண்டி ஏற்ற முறையே வேறோர் இடத்தில் இடராயிற்று.

தெரியுமா?

மெர்லின் எந்திரத்தின் இக்குறைக்கு எளிய தீர்வு கண்டவர் பெண் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங். இவர் ஃபார்ன்பரோவில் இருந்த அரச வானூர்தி ஆய்வகத்தில் பணியாற்றினார். எந்திரம் முழு வலுவில் இயங்கத் தேவையான அளவு பெட்ரோல் மட்டுமே செல்லும்வகையில், துளையிட்ட ஒரு சிறு உலோகத் தடுப்பை 1941இல் உருவாக்கினார். இதனால் பெட்ரோல் வெள்ளமாகப் பாய்வது நின்றது. இவர் மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும் ஆவார்.

பாஷ் பம்பின் நுட்பம்

ஜெர்மானிய எந்திரத்தின் நேரடிச் செலுத்து முறைக்கு அடித்தளமாக அமைந்தது டீசல் எந்திரத்திற்கான பம்பு. ஸ்டுட்கார்ட் நகரில் ராபர்ட் பாஷ் நிறுவிய தொழிலகம் 1922ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கான ஆய்வைத் தொடங்கி, 1927இல் பம்பைப் பெருமளவில் தயாரிக்கலாயிற்று.

அப்பம்பில் எந்திரத்தின் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சிறு தண்டு உண்டு. சுழலும் கேம் அத்தண்டை மேலே தள்ளும். தண்டு எரிபொருளை அழுத்தி, குழாய் வழியே உருளைக்கு அனுப்பும். தண்டு மேலெழும் உயரம் எப்போதும் ஒன்றே. அவ்வாறாயின் அளவு எவ்வாறு மாறுகிறது? தண்டின் பக்கவாட்டில் சாய்வான ஒரு பள்ளம் வெட்டப்பட்டுள்ளது. பள்ளத்தின் விளிம்பு, பக்கத்திலுள்ள துளையை எட்டியதும் அழுத்தம் வெளியேறிவிடும், செலுத்துதலும் நிற்கும். தண்டைச் சற்றே திருகினால் பள்ளம் துளையை முன்னதாகவோ பின்னதாகவோ எட்டும். பற்கள் கொண்ட ஒரு பட்டை எல்லாத் தண்டுகளையும் ஒருசேரத் திருகும். சாய்வான ஒரு கோட்டினால் அளவை ஆண்ட அறிவுத்திறன் வியப்பிற்குரியது.

டீசல் எண்ணெய்த்தன்மை உடையது. பம்பின் பாகங்களைத் தானே வழவழப்பாக வைத்திருக்கும். பெட்ரோலுக்கு அப்பண்பு மிகக் குறைவு. ஆகவே பெட்ரோல் பம்பின் தண்டுகளுக்கு எந்திர எண்ணெயைத் தனியே செலுத்த வேண்டியிருந்தது.

தெரிந்து தெளிவோம்

மூன்று லிட்டர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் கொண்ட எந்திரத்தில் ஓர் உருளையின் கொள்ளளவு அரை லிட்டர். அதில் அடங்கும் காற்றின் எடை ஏறத்தாழ 0.6 கிராம், அதற்குரிய பெட்ரோல் ஏறத்தாழ 0.04 கிராம். எந்திரம் நிமிடத்திற்கு 6000 முறை சுழலும்போது, ஒவ்வோர் உருளையும் நொடிக்கு 50 முறை இந்த அளவைப் பெற வேண்டும். காற்றை உள்ளிழுக்கும் ஒரு வீச்சுக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் 200இல் ஒரு பங்கே.

வானிலிருந்து சாலைக்கு

போருக்குப்பின் ஜெர்மனியில் விமானத் தயாரிப்பு தடைசெய்யப்பட்டது. விமான எந்திரங்களில் பெற்ற அறிவு மகிழுந்துகளை நாடியது. 1950களின் தொடக்கத்தில் குட்பிராட், கோலியாத் ஆகிய நிறுவனங்களின் சிறிய மகிழுந்துகளில் பெட்ரோலை நேரடியாகச் செலுத்தும் முறை இடம்பெற்றது. குட்பிராட் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் ஷெரன்பெர்க் பின்னர் டைம்லர் பென்ஸ் நிறுவனத்திற்குத் திரும்பினார்.

1952இல் லெ மான் பந்தயத்தை வென்ற மெர்சிடிஸ் மகிழுந்து, கார்புரேட்டர்களுடன் ஏறத்தாழ 170 குதிரைத்திறன் தந்தது. 1954ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் அறிமுகமானது. சிறகு விரிப்பதுபோல மேல்நோக்கித் திறக்கும் கதவுகளையுடைய அம்மகிழுந்து, அதே மூன்று லிட்டர் கொள்ளளவிலிருந்து 215 குதிரைத்திறன் தந்தது. இவ்வளர்ச்சியில் நேரடிச் செலுத்து முறைக்குப் பெரும்பங்கு உண்டு. முன்பு ஸ்பார்க் பிளக் இருந்த இடத்திலேயே பெட்ரோல் செலுத்தும் முனை பொருத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பிரான்சின் ரான்ஸ் நகரில் நடந்த பந்தயத்தில், நேரடிச் செலுத்து முறைகொண்ட மெர்சிடிஸ் வண்டிகள் முதலிரண்டு இடங்களையும் பெற்றன. முதலிடம் பெற்றவர் ஃபாஞ்சியோ.

நிறுத்தத் தெரியாத பம்பு

300 எஸ்எல் மகிழுந்திலும் ஒரு குறை மறைந்திருந்தது. ஓட்டுநர் சாவியைத் திருப்பினால் தீப்பொறி உடனே நின்றுவிடும். பம்போ எந்திரம் முழுமையாக நிற்கும்வரை பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். எரியாத அப்பெட்ரோல் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிச்சென்று, எந்திர எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்தது. நெடும்பயணத்தில் எண்ணெய் நன்கு சூடேறினால் கலந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். நகருக்குள் சிறுதொலைவு மட்டும் ஓடிய வண்டிகளிலோ அது தேங்கியது. ஆகவே ஏறத்தாழ 1600 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்ற வேண்டியிருந்தது. அளக்கக் கற்ற பம்பு, தன் பணி முடிந்ததை அறியக் கற்கவில்லை.

உலோகத்தில் செதுக்கிய நினைவு

பின்வந்த பொறியாளர்கள் வேறு வழிகளையும் நாடினர். 1957இல் அமெரிக்காவின் செவர்லே கார்வெட், பெட்ரோலை உருளைக்கு வெளியே, காற்று நுழையும் வழியில் தெளித்தது. 1967இல் பிரிட்டனின் டிரையம்ப் டிஆர்5 மகிழுந்தில் லூகாஸ் முறை அமைந்தது.

1969ஆம் ஆண்டின் போர்ஷே 911 வகைகள் சிலவற்றில் இருந்த பம்பு இன்னும் நுட்பமானது. அதனுள் மேடுபள்ளங்களுடன் செதுக்கப்பட்ட கூம்பு போன்ற கேம் ஒன்று இருந்தது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது திரும்பும். எந்திரத்தின் வேகம் கூடினால் முன்பின்னாக நகரும். இவ்வளவு மிதித்தால், இந்த வேகத்தில், இவ்வளவு பெட்ரோல் என்னும் முழு அட்டவணையும் அதன் மேற்பரப்பில் பதிந்திருந்தது. கணினி நினைவகத்தின் வேலையை ஓர் உலோகத் துண்டு செய்தது எனலாம்.

ஆனால் அந்நினைவு மாறாதது. எந்திரம் தேய்ந்தாலும் பம்பு பழைய அளவையே தரும். வெளியேறும் புகை தூயதா என்பதை அறிய அதற்கு வழியில்லை.

விளைவை அறிந்த கருவி

1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 மகிழுந்தில் பாஷ் நிறுவனத்தின் மின்னணுச் செலுத்து முறை வந்தது. 1970இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் புகைக்குக் கடும் வரம்பு விதித்தது. 1976இல் வால்வோ மகிழுந்தில், புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து சொல்லும் உணரி பொருத்தப்பட்டது. அதன் பின்னர் எந்திரம், தான் கொடுத்த அளவின் விளைவைத் தானே அறிந்து திருத்திக்கொண்டது.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரைக் கைவிட்டன. மாணவர்கள் நாள்தோறும் காணும் அவ்வண்டிகளுக்குள் அளந்து செலுத்தும் முனைகளே உள்ளன. அளவு அறிவது திறன். அளவின் விளைவை அறிந்து திருத்திக்கொள்வதே முழுமையான அறிவு.

கற்பவை கற்றபின்

1. அருகிலுள்ள வண்டி பழுதுபார்ப்பகத்திற்குச் சென்று, கார்புரேட்டருக்கும் எரிபொருள் செலுத்து முறைக்கும் உள்ள வேறுபாடுகளைக் கேட்டறிந்து எழுதுக.
2. பாடத்தில் இடம்பெற்றுள்ள தொழில்நுட்பச் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு ஏற்ற தமிழ்ச்சொற்களை உருவாக்குக.

சிறுவினா

1. மெர்லின் எந்திரம் கீழ்நோக்கிய பாய்ச்சலில் திணறியது ஏன்?
2. பாஷ் பம்பில் எரிபொருளின் அளவு எவ்வாறு மாற்றப்படுகிறது?

நெடுவினா

'அளக்கக் கற்ற பம்பு, தன் பணி முடிந்ததை அறியக் கற்கவில்லை' – இக்கூற்றைப் பாடக்கருத்துகளின் துணைகொண்டு விளக்குக.