கரண்ட் வந்தும் வராத விபிஎன்

கேள்வி: வீட்டு ரவுட்டரில் ஓபன்விபிஎன் சர்வர் வைத்திருக்கிறோம். பெங்களூரில் இருக்கும் மகன் அதன் வழியாகத்தான் வீட்டுக் கேமராவைப் பார்ப்பான். கரண்ட் போய் வந்தால் இணையம் வருகிறது, விபிஎன் வருவதில்லை. ஏன்?
- வாசகர், பத்மநாபபுரம்

பதில்: முதலில் ரவுட்டரின் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் தேதி பின்னுக்குப் போய்விடும், சிலவற்றில் 1970க்கே. விபிஎன் சான்றிதழுக்குத் தொடக்க நாள் உண்டு. 1970இல் நிற்கும் ரவுட்டருக்கு உங்கள் மகனின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் மறுத்துவிடும். இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும் என்டிபி வசதியை இயக்கி, நேரம் சரியானதும் விபிஎன் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள்.

தேதி சரியாக இருந்தால், வீட்டு இணைப்பின் ஐபி முகவரி மாறியிருக்கலாம். மாறும் ஐபியைப் பின்தொடரும் டிடிஎன்எஸ் பெயரை வைத்திருந்தால், அது புதிய ஐபியைக் காட்டுகிறதா என்று பாருங்கள். ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், பொது முகவரியைப் பலரோடு பகிர்கிறீர்கள். வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. நிலையான ஐபி கேட்டு வாங்குங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் உங்களுடையது. மழையில் கரண்ட் போகலாம் என்பதால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் அவசியம். கேமராவை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடும் குறுக்குவழியை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.