மருந்துகளின் பெயரும் மாணவரின் நினைவும்

பெங்களூரிலுள்ள விவேக் நகர், தமிழும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் பகுதியாகும். அதற்கு அண்மையில் கோரமங்கலத்தில், 1963-ஆம் ஆண்டில் தோன்றிய செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது. நாட்டின் ஏனைய கல்லூரிகளில் உள்ளவாறே, அங்கும் மாணவர் இரண்டாம் ஆண்டில் மருந்தியலைப் பயில்கின்றனர். நூற்றுக்கணக்கான மருந்துகளின் பெயரும் செயலும் தீங்கும் ஒரே சமயத்தில் அவர்கள்முன் வந்து நிற்கின்றன. 2022-இல் வெளியான அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் மட்டும் 384 மருந்துகள் உள்ளன. இவற்றை நினைவில் இருத்துவது எவ்வாறு என்பது தேர்வைப் பற்றிய வினா மட்டுமன்று. பிழைபட்ட நினைவு நோயாளியின் உயிருக்கே ஊறு விளைக்கக் கூடும்.

பெயரின் ஈறு

ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் பல வணிகப் பெயர்களில் விற்கின்றன. அவற்றை மனனம் செய்வது வீண் உழைப்பு. மருந்தின் பொதுப்பெயரையே கற்றல் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 1950-இல் தொடங்கிய திட்டத்தின்படி, பொதுப்பெயர்களின் முதற் பட்டியல் 1953-இல் வெளியாயிற்று. இம்முறையில், ஓரினத்தைச் சேர்ந்த மருந்துகளின் பெயர்கள் பெரும்பாலும் ஒரே ஈற்றைப் பெறுகின்றன. அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் என்பன ஒரு குடும்பம். எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில் என்பன மற்றொன்று. குடும்பத்தில் ஒன்றை நன்கு கற்றவர், ஏனையவற்றில் வேறுபாடுகளை மட்டும் கற்றாற் போதும்.

எனினும், ஈறு ஒன்றையே நம்பிவிடலாகாது. ஓமெப்ரசோல் இரைப்பை அமிலத்தைக் குறைப்பது. அரிப்பிப்ரசோல் மனநோய்க்கு உரியது. ஒலி ஒத்திருப்பினும் இவை வெவ்வேறு குடும்பத்தவை. இத்தகைய இணைகளை அருகருகே எழுதி வைத்துப் பயிலுதல் நன்று.

காரணம் அறிதல்

காரணத்தோடு பிணைந்த செய்தி எளிதில் மறவாது. இருதயத்திலும் மூச்சுக்குழல்களிலும் பீட்டா ஏற்பிகள் உள்ளன. 'ஓலால்' மருந்துகள் அவற்றைத் தடுக்கின்றன. ஆகவே நாடி தளர்கிறது. இரத்த அழுத்தம் குறைகிறது. மூச்சுக்குழலிலும் அத்தடை நேருமாயின் குழல் சுருங்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு, சிறப்பாக ப்ரோப்ரனோலால், ஏன் ஆகாது என்பது இதனாலேயே விளங்கும். பயனையும் தீங்கையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டுவதில்லை.

தன்னைத் தானே வினவுதல்

ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதியின் போக்கை 1885-இல் விளக்கினார். கற்றது முதலில் விரைவாகவும் பின்னர் மெல்லவும் மறைகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் வேறோர் உண்மையை வெளியிட்டனர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடங்களுக்குப்பின் நடந்த தேர்வில் மேம்பட்டனர். ஒரு வாரத்திற்குப்பின் நடந்த தேர்விலோ, நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே மேம்பட்டனர்.

இதனைப் பின்பற்றுவது எளிது. ஓர் அட்டையின் முன்புறம் மருந்தின் பெயரையும், பின்புறம் குடும்பம், செயல்முறை, பயன், தீங்கு, கொடுக்கத் தகாதவர் என்னும் ஐந்தினையும் எழுதுக. பின்புறம் பாராமல் விடை கூறுக. மறுநாளும், சில நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் மீண்டும் வினவுக. தவறிய அட்டையை விரைவிலும், தவறாததைத் தாமதித்தும் எடுக்க வேண்டும்.

நினைவை நம்பலாகாத இடம்

மருந்தின் அளவு, வயதுக்கும் எடைக்கும் சிறுநீரகத்தின் நிலைக்கும் ஏற்ப மாறுவது. குழந்தைகளுக்குரிய அளவை நினைவிலிருந்து எழுதுவது ஆபத்தாகும். இந்திய பார்மகோபியா ஆணையம் வெளியிடும் தேசிய மருந்துக் கையேடு போன்ற நூலைப் பார்த்து எழுதுவது குறையன்று, அதுவே முறை.

களப்பணியில் பயன்

விவேக் நகரில் ஒரு வீட்டிற்குச் சுகாதாரப் பணியாளர் செல்கிறார் என்க. அங்குள்ள பெண் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர், அண்மையில் கருவுற்றவர், பல வாரங்களாக வறட்டு இருமல் உடையவர். மாத்திரை உறையில் 'எனலாப்ரில்' என்றிருக்கிறது. 'ப்ரில்' குடும்பம் வறட்டு இருமலை உண்டாக்கலாம். கருவிலுள்ள சிசுவுக்கும் கேடு விளைக்கும். ஈற்றைக் கண்டவுடன் இவ்விரண்டும் நினைவுக்கு வருமாயின், அப்பெண் அன்றே மருத்துவரிடம் அனுப்பப்படுவார். தக்க மாற்று மருந்தை மருத்துவரே முடிவு செய்வார். இருமலுக்கு மருந்தே காரணம் என்று பணியாளர் தாமே முடிவு கட்டாமல், காசநோய்ப் பரிசோதனைக்கும் வழி செய்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் நாள்தோறும் பாடத்தின் தொடக்கத்தில், முந்திய பாடங்களிலிருந்து ஐந்து மருந்துகளைப் பற்றி வினவலாம். மதிப்பெண் வேண்டுவதில்லை. நூலை மூடி வைத்து விடை தேடும் அச்சிறு முயற்சியே நினைவை உறுதியாக்கும்.