கியூபெக் பாடசாலை நிர்வாகத்தில் உங்களுக்கொரு நாற்காலி: சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பாடசாலை தொடங்கிய சில நாட்களில் அதிபரிடமிருந்து ஓர் அறிவித்தல் வரும்: பெற்றோர் பொதுக்கூட்டம், இன்ன திகதி, மாலை இத்தனை மணிக்கு. நம்மவர்களில் பலர் அதை வாசித்துவிட்டு ஒதுக்கி வைத்துவிடுகிறோம். வேலை முடிந்து வந்த களைப்பு ஒன்று, பிரெஞ்சு பேசத் தயக்கம் இன்னொன்று. "அதிபரும் ஆசிரியர்மாரும் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஊரிலிருந்து கொண்டுவந்த மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் பாடசாலையின் வரவு செலவு, பெற்றோரிடம் அறவிடும் கட்டணம், ஒழுக்க விதிகள், எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் குழுவுக்கு ஆட்களைத் தெரிவு செய்வது அந்த ஒரு மாலையில்தான். கூட்டத்துக்குப் போங்கள், பெயர் கொடுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. பெயர் கொடுத்தபின் என்ன செய்வது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதற்படி: பிள்ளையின் பாடசாலை யாருடைய பொறுப்பில்?

மொன்றியல் தீவின் மேற்கு முனையில் இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஏறத்தாழ 5,000 பேர் வாழும் சிற்றூர். கல்வியோடு அதற்குப் பழைய உறவு உண்டு. புகையிலைத் தொழிலில் செல்வம் சேர்த்த சர் வில்லியம் மக்டொனால்டின் கொடையில் 1907இல் இங்கே திறந்த மக்டொனால்ட் கல்லூரியில் விவசாயத்தோடு ஆசிரியர் பயிற்சியும் நடந்தது. கியூபெக்கின் ஆங்கிலப் பாடசாலைகளுக்குப் பல தலைமுறை ஆசிரியர்கள் இங்கிருந்து போனார்கள். அதே வளாகத்தில் 1971 முதல் ஜோன் அபட் கல்லூரி இயங்குகிறது.

இவ்வளவு சிறிய ஊரிலும் பொதுப் பாடசாலைகளுக்கு இரண்டு நிர்வாகங்கள். பிரெஞ்சுப் பாடசாலை என்றால் மார்கரீத்-பூர்ஷுவா சேவை மையம். ஆங்கிலப் பாடசாலை என்றால் டோர்வலில் தலைமையகம் கொண்ட லெஸ்டர் பி. பியர்சன் ஸ்கூல் போர்ட். ஊரில் உள்ள மக்டொனால்ட் ஹைஸ்கூல் அதன் கீழ் வருகிறது. 1998 ஜூலை 1 வரை இந்தப் பிரிவு கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்து என்று மதவழியில் இருந்தது. பிறகுதான் மொழிவழிக்கு மாறியது.

எதில் சேர்ப்பது என்பது நம் விருப்பம் மட்டுமல்ல. 1977இன் 101ஆம் சட்டப்படி குடியேறியவர்களின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகவேண்டும். தாயோ தந்தையோ கனடாவில் ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் கற்றிருந்தால் ஆங்கிலப் பாடசாலைக்கான தகுதிச் சான்றிதழ் கேட்கலாம். ஆகவே இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெற்றோர் சிலரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கதவு திறந்திருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்கு அப்படி இல்லை.

இரண்டு நிர்வாகங்களின் ஆளுகையும் இப்போது வேறு வேறு. 2020 பெப்ரவரியில் நிறைவேறிய 40ஆம் சட்டமூலம் பிரெஞ்சு ஸ்கூல் போர்ட்களைக் கலைத்து, அந்த ஜூனிலிருந்து சேவை மையங்களாக்கியது. தேர்தலில் வந்த ஆணையாளர்கள் போனார்கள். சட்டம் ஆங்கிலப் போர்ட்களையும் மாற்ற முனைந்ததால் ஆங்கிலச் சமூகம் நீதிமன்றம் போனது. சிறுபான்மை மொழிக் கல்வி உரிமையைக் காட்டி 2023இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளிக்க, 2025 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் பெருமளவில் அதையே உறுதி செய்தது. அதனால் ஆங்கிலப் பக்கத்தில் ஆணையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்கள் ஒரே கேள்வியை வேறு வேறு இடத்தில் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இரண்டாம் படி: செப்டெம்பர் கூட்டத்தில் பெயர் கொடுங்கள்

குழுவை ஆங்கிலப் பக்கத்தில் கவர்னிங் போர்ட் என்பார்கள். பிரெஞ்சில் கொன்செய் தெத்தாப்ளிஸ்மோன். பொதுக் கல்விச் சட்டப்படி அதன் பெற்றோர் பிரதிநிதிகளைத் தெரிவு செய்யும் கூட்டம் பாடசாலை தொடங்கும் நாளுக்கும் செப்டெம்பர் முடிவுக்கும் இடையில் நடந்தாக வேண்டும். குறைந்தது நான்கு நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்தல் தரவேண்டும். குழுவில் பெற்றோர் நால்வராவது, பாடசாலைப் பணியாளர் நால்வராவது இருக்கவேண்டும். மொத்தம் 20 பேரைத் தாண்டக் கூடாது. பெற்றோர் பிரதிநிதியின் காலம் இரண்டு ஆண்டு. தகுதி மிக எளிது: பிள்ளை அந்தப் பாடசாலையில் படிக்கவேண்டும், நீங்கள் அங்கே வேலை செய்பவராக இருக்கக் கூடாது.

இலங்கையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருந்தவர்கள் ஒரு வேறுபாட்டை மனதில் வைக்கவேண்டும். அங்கே அதிபரே சங்கத் தலைவர். இங்கே தலைவர் பெற்றோரில் ஒருவராகத்தான் இருக்கமுடியும். அதிபர் கூட்டத்தில் இருப்பார், பேசுவார், ஆவணங்களைத் தயாரித்துத் தருவார்; வாக்கு மட்டும் இல்லை. வாக்குகள் சமமானால் தலைவரின் வாக்கே முடிவு செய்யும். இது தெரிந்தால் அதிபருக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பதில் உள்ள கூச்சம் பாதி போய்விடும்.

உறுப்பினராக விருப்பமில்லையா? கூட்டங்கள் பொதுவானவை, போய் உட்கார்ந்து கேட்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து கூட்டம் நடக்கும்.

மூன்றாம் படி: தாளை வாசிக்கப் பழகுங்கள்

முதல் கூட்டத்தில் கையில் ஒரு கட்டுத் தாள் வரும். பயப்படவேண்டாம். ஒவ்வொரு விடயத்துக்கும் பக்கத்தில் குழு என்ன செய்யவேண்டும் என்று எழுதியிருக்கும். அதை முதலில் பாருங்கள். சில விடயங்களைக் குழு நிறைவேற்றும்: பாடசாலையின் கல்வித் திட்டம், ஆண்டு வரவு செலவு ஆகியவை இந்த வகை. இவற்றில் திருத்தம் கேட்கலாம், மாற்றலாம். சில விடயங்களுக்குக் குழு ஒப்புதல் மட்டும் தரும்: பாட நேரப் பங்கீடு, ஒழுக்க விதிகள் போன்றவை. இங்கே ஏற்கலாம், அல்லது மறுத்துத் திருப்பி அனுப்பலாம். நீங்களாக மாற்றி எழுதமுடியாது. மூன்றாவது, வெறும் கலந்தாலோசனை. இந்தப் பிரிவு தெரியாமல் போகிறவர்கள் மாற்றமுடியாத இடத்தில் ஒரு மணி நேரம் வாதாடிவிட்டு, மாற்றக்கூடிய இடத்தில் பேசாமல் கை தூக்கிவிடுகிறார்கள்.

உதாரணத்துக்குப் பயிற்சிப் புத்தகக் கட்டணம். கியூபெக்கில் பாடநூல் இலவசம். ஆனால் பிள்ளை எழுதுகிற, வரைகிற, வெட்டுகிற தாள்களுக்கும் புத்தகங்களுக்கும் அந்த இலவசம் பொருந்தாது என்று சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் ஒவ்வொரு கோடை முடிவிலும் கணிதப் பயிற்சிப் புத்தகத்துக்கு இவ்வளவு, பிரெஞ்சுக்கு இவ்வளவு என்று பட்டியல் வருகிறது. அந்தக் கட்டணங்களுக்கான கொள்கையை வகுப்பதும் பொருட்பட்டியலுக்கு ஒப்புதல் தருவதும் கவர்னிங் போர்டின் வேலை. போன ஆண்டு வாங்கிய புத்தகத்தில் எத்தனை பக்கம் உண்மையில் நிரப்பப்பட்டது என்று கேளுங்கள். மூன்று பிள்ளைகள் படிக்கும் ஒரு வீட்டுக்கு இது சின்ன விடயம் அல்ல. இந்தக் கேள்விக்கு நல்ல பிரெஞ்சும் தேவையில்லை. பிள்ளையின் புத்தகத்தைக் கொண்டுபோய் விரித்துக் காட்டினால் போதும்.

நான்காம் படி: மேலிருந்து வரும் செய்தியைப் பின்தொடருங்கள்

மாகாணத்தில் மொத்தம் 72 நிர்வாகங்கள்: 60 பிரெஞ்சுச் சேவை மையங்கள், 9 ஆங்கில ஸ்கூல் போர்ட்கள், சிறப்பு நிலையில் 3. கல்வி அமைச்சு விதிகளையும் நிதி ஒழுங்குகளையும் இவற்றுக்கு அனுப்பும். அவை பாடசாலைக்குக் கடத்தும். பாடசாலை குழுவின் மேசையில் வைக்கும். இந்தப் பாதையில் செய்தி உங்களிடம் கடைசியில்தான் வந்து சேரும். எனவே மேலே இருந்தே பார்க்கப் பழகவேண்டும்.

அண்மைய மாற்றங்கள் சில. 2023 டிசம்பரில் நிறைவேறிய 23ஆம் சட்டமூலம் பிரெஞ்சுச் சேவை மையங்களின் பணிப்பாளர் நாயகத்தை நியமிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. 2024 இலையுதிர் காலத்திலிருந்து நெறிமுறையும் சமயப் பண்பாடும் என்ற பாடத்தின் இடத்தில் கியூபெக்கின் பண்பாடும் குடியுரிமையும் என்ற பாடம். வகுப்பில் கைபேசித் தடை 2024 தொடக்கத்தில் வந்தது. 2025 இலையுதிர் காலத்தில் அது பாடசாலை நேரம் முழுவதற்கும் விரிந்தது. கைபேசி விதி ஒழுக்க விதிகளில் ஏறியபோது அந்தத் தாளும் குழுவின் மேசைக்கு வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் 2025 கோடையில் நடந்தது. ஜூனில், பாடசாலைகள் விடுமுறைக்கு மூடும் நேரத்தில், கல்விச் செலவில் சுமார் 570 மில்லியன் டொலர் குறைக்கும்படி அரசு நிர்வாகங்களிடம் சொன்னது. பல குழுக்கள் ஆண்டின் கடைசிக் கூட்டத்தை நடத்தும் மாதம் அது. எதிர்ப்பு கிளம்பியது; தேசிய சட்டமன்ற மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். ஜூலையில் 540 மில்லியன்வரை திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. ஆனால் மாணவருக்கு நேரடியாகப் பயன்படும் சேவைகளுக்கே அது போகவேண்டும் என்ற நிபந்தனையோடு. தலைப்புச் செய்தியில் பணம் திரும்பிவிட்டது. உங்கள் பாடசாலையில் பேச்சுப் பயிற்சியாளரின் மணித்தியாலங்கள் திரும்பினவா? வகுப்பு உதவியாளர் திரும்பினாரா? அதைப் பத்திரிகை சொல்லாது. ஜூன் கூட்டத்தின் குறிப்பையும் இலையுதிர் காலத்தில் வரும் திருத்திய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பெற்றோர் ஒருவரால்தான் சொல்லமுடியும். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

சொந்த வீடு இருந்தால் பாடசாலை வரிப் பத்திரத்தையும் கூர்ந்து பாருங்கள். மொன்றியல் தீவில் அதை ஒரு தனி வரி நிர்வாகக் குழு அனுப்புகிறது. வீட்டு மதிப்பின் முதல் 25,000 டொலருக்கு வரி இல்லை. அதற்கு மேல் மாகாணம் முழுவதற்கும் ஒரே வீதம்.

ஐந்தாம் படி: உதவி கிடைக்கும் இடங்கள்

குழு உறுப்பினர்களுக்கான பயிற்சி கட்டாயம். அமைச்சு அதற்குக் காணொளிகளும் தலைப்புவாரியான கையேடுகளும் இரு மொழியிலும் வைத்திருக்கிறது. பிரெஞ்சுப் பாடசாலைப் பெற்றோரும் ஆங்கிலக் கையேட்டை வாசித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம், சட்டம் ஒன்றுதான். பிரெஞ்சுப் பக்கத்தில் கியூபெக் பெற்றோர் குழுக்களின் கூட்டமைப்பும், ஆங்கிலப் பக்கத்தில் ஆங்கிலப் பெற்றோர் குழுக்களின் சங்கமும் பயிற்சியும் ஆலோசனையும் தருகின்றன. பிள்ளைக்குக் கற்றலில் சிரமம் இருந்தால், விசேட தேவைகள் பற்றி ஆலோசனை சொல்லும் குழு ஒவ்வொரு நிர்வாகத்திலும் இருக்கவேண்டும். அந்தப் பிள்ளைக்கான தலையீட்டுத் திட்டத்தைப் பெற்றோரின் உதவியோடுதான் அதிபர் தயாரிக்கவேண்டும். ஆயத்தமான தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டால், "கொஞ்சம் இருந்து பேசுவோம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டுப் பாடத்துக்கு அலோப்ரோஃப் சேவை 1996இலிருந்து இலவசம். ஆங்கிலப் பிரிவுக்கு லேர்ன் கியூபெக் உண்டு.

ஆறாம் படி: பிரச்சினை வந்தால்

2023 ஆகஸ்ட் 28 முதல் முறைப்பாட்டுக்கு மூன்று படிகள். முதலில் சம்பந்தப்பட்டவரிடம் அல்லது அவருடைய மேலதிகாரியிடம். பதிலுக்கு 10 வேலைநாள். திருப்தி இல்லையென்றால் நிர்வாகத்தின் முறைப்பாட்டு அலுவலரிடம், 15 வேலைநாள். அதற்குப் பின் பிராந்திய மாணவர் பாதுகாவலரிடம், 20 வேலைநாள். எழுதத் தெரியாது என்று தயங்கவேண்டாம், முறைப்பாட்டை வார்த்தைப்படுத்த உதவுவதும் அவர்கள் கடமை. முறைப்பாடு செய்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற பயம் நம்மிடம் ஆழமானது. பழிவாங்குதல் சட்டத்தில் தடை செய்யப்பட்டது, தண்டனைக்குரியது.

ஏழாம் படி: பாடசாலைக்கு மேலே

அதே செப்டெம்பர் கூட்டத்தில் நிர்வாக மட்டத்திலான பெற்றோர் குழுவுக்கும் ஒருவர் தெரிவாகிறார். பலர் வேண்டாம் என்று ஒதுங்கும் இடம் இது. நான் மிக முக்கியமாக நினைப்பதும் இதைத்தான். அதற்கும் மேலே, பிரெஞ்சுச் சேவை மையத்தின் இயக்குநர் சபையில் 15 பேர்: பெற்றோர் ஐவர், பணியாளர் ஐவர், சமூகப் பிரதிநிதிகள் ஐவர். பெற்றோர் ஐவரும் ஏதாவதொரு பாடசாலையின் குழுவில் இருப்பவர்களாக இருக்கவேண்டும். சபையின் தலைவரும் உபதலைவரும் அந்த ஐவரிலிருந்தே வரவேண்டும். டொலார்-டெ-ஓர்மோ முருகன் கோயிலை எழுப்பி நடத்தும் மேற்குத் தீவுத் தமிழரிடம் கூட்டம் நடத்தவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் சிலராவது இந்தச் சபைக்கும் போட்டியிட வேண்டும்.

ஆங்கிலப் பக்கத்தில் ஆணையாளர்களைத் தேர்தலில் தெரிவு செய்கிறார்கள். கடைசித் தேர்தல் 2024 நவம்பர் 3இல் நடந்தது, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும். பெற்றோர் தரப்பிலிருந்து வரும் ஆணையாளர்களுக்கும் 2016 முதல் போர்டின் கூட்டங்களில் வாக்குரிமை உண்டு. உங்களுக்கு இப்போது பாடசாலையில் பிள்ளை இல்லையென்றாலும், ஆங்கிலப் போர்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும்படி கேட்கலாம். அதற்குத் தேர்தல் ஆண்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.