அவரைப் பூ கொட்டுகிறதா? புட்டியைக் கீழே வையுங்கள்!

கார்த்திகை தீபம் முடிந்து மார்கழிப் பனி இறங்கினால் போதும், திருவண்ணாமலையில் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "பந்தல் அவரை பூவாப் பூத்துக் கொட்டுதுங்க, எந்த டானிக் அடிக்கலாம்?" கேட்கும்போதே பலர் கையில் புட்டி இருக்கிறது. கொடிக்கு ஹார்மோன் பத்தவில்லை, ஊற்ற ஊற்ற ஒரு பூகூட உதிராது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை வருடம்தான் இதையே மறுப்பது?

நம்பிக்கை: உதிரும் பூவெல்லாம் நட்டம்.

உண்மை: அவரைக் குடும்பமே காய்ப்பதைவிட அதிகம் பூக்கும் குடும்பம். சோயாவில் பூத்ததில் பாதிக்கு மேல் உதிர்வது சகஜம். ஒரு கொத்தை உற்றுப் பாருங்கள். அடியில் முந்தி மலர்ந்தவை காயாகி நிற்கும். நுனியில் பிந்தியவை விழும். முந்திய காயின் இளவிதைகள் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து காம்பு வழியே அனுப்புகின்றன. அந்த ஓட்டம் உள்ளவரை காம்பு பிடித்திருக்கும். அதே ஓட்டம் பிந்திய பிஞ்சின் ஆக்சினை அடக்கியும் வைக்கும். அங்கே ஓட்டம் குன்றியதும் காம்படியின் மெல்லிய செல் அடுக்கு எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனுக்கு வசப்படுகிறது. செல்களை ஒட்டியிருந்த பசை கரைந்து பிஞ்சு விழுகிறது. இலை சமைக்கும் உணவு எத்தனை காய்க்குப் போதுமோ, அத்தனையைத்தான் கொடி தாங்கும். சோயாக் கொத்தில் சைட்டோகைனின் என்ற ஹார்மோனைத் தடவியபோது கூடுதல் பிஞ்சு தங்கியது உண்மை. வயலின் விளைச்சல் அதே அளவுக்கு ஏறிவிடவில்லை.

நம்பிக்கை: இரண்டு மூடி கூட ஊற்றினால் கூடக் காய்க்கும்.

உண்மை: இதுதான் பெரிய கேடு. பயறு வகைகளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் நாப்தலின் அசிட்டிக் அமிலம் என்ற செயற்கை ஆக்சினின் அளவு லிட்டருக்கு 40 மில்லிகிராம். 4.5 சதவீத மருந்தென்றால் 10 லிட்டர் டேங்குக்கு ஏறக்குறைய 9 மில்லி. பூக்கும் முன் ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை, அவ்வளவே. மிஞ்சினால் செடியே எத்திலீனைக் கூடுதலாகச் சுரக்கும். ஆப்பிள் தோட்டக்காரர்கள் அதிகப்படிப் பிஞ்சைக் கலைக்கத் தெளிப்பதும் இதே மருந்துதான்! அதையா உதிராமலிருக்க மூடி மூடியாக ஊற்றுகிறீர்கள்?

தவறாக நம்புவது குற்றமல்ல. அறிவியலும் அப்படி நம்பியதுண்டு. 1963இல் கலிபோர்னியாவில் ஆடிகாட் என்ற ஆய்வாளரின் குழு பருத்திப் பிஞ்சிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. உதிர்வுக்கு அதுவே காரணம் என்று கருதப்பட்டதால் உதிர்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்சிசிக் அமிலம் என்று பெயர் வந்தது. பெரும்பாலான செடிகளில் உதிர்வை முடுக்குவது எத்திலீன் என்பது பிறகு தெளிந்தது. அப்சிசிக் அமிலத்தின் தலையாய வேலை, தண்ணீர் வற்றும்போது இலைத்துளையை மூடுவது. துளை மூடினால் இலையில் சமையல் குறையும், பிஞ்சும் விழும். அறிவியல் திருத்திக்கொண்டது, நாமும் திருத்திக்கொள்வோம்.

நம்பிக்கை: பிஞ்சை விரலால் சுட்டினால் அழுகும்.

உண்மை: அழுகாது.

நம்பிக்கை: வீட்டுக்கு விலக்கான பெண் பந்தலுக்குள் போனால் பூ கொட்டும்.

உண்மை: கொட்டாது. இதைச் சொல்லிப் பெண்களை ஒதுக்குவதை இன்றே நிறுத்துங்கள்.

நம்பிக்கை: ஆக்சின் தெளித்த காயைத் தின்றால் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவார்கள்.

உண்மை: செடியின் ஆக்சின் மனித உடம்பில் அந்த வேலையைச் செய்யாது.

பின் என்னதான் செய்வது? பூக்கும் நாள்களில் வேரடி மண்ணைக் காயவிடாதீர்கள். தேனீ வரும் காலை வேளையில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். காயை முற்றவிடாமல் பறியுங்கள். முற்றும் விதை கொடியின் உணவை இழுத்துக்கொண்டு அடுத்த பூவைத் தள்ளிவிடும்.

"விதைக்கு விடணுமே" என்பீர்கள். கட்டாயம் விட வேண்டும். பாட்டி காலத்துப் பட்டை அவரை நம் கொல்லைகளிலிருந்து மறைவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. விதைக்கென்றே ஒரு கொடியைத் தனியே ஏற்றி, அதில் ஒரு காயையும் கறிக்குப் பறிக்காமல் முற்றவிடுங்கள். நெற்றைக் காயவைத்து, சாம்பல் கலந்து சட்டியில் கட்டிவையுங்கள். ஆடி பிறக்கும்போது டானிக் கடைக்கு ஓட வேண்டாம். ஊன்றுவதற்கு உங்கள் விதையே கையில் இருக்கும்.